கொழுத்த குட்டி ஏன் முதலில் சாகிறது?
பன்றியின் உடம்பைப் படிப்போம்

வங்கியில் 36 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன். நெல், மல்லாட்டை, கொஞ்சம் காய்கறி, இரண்டு நாட்டு மாடு. ஐந்து வருடமாகப் பன்றியும் உண்டு.

பன்றியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும்.

1991-இல் ஒரு கிராமக் கிளையில் நான் கள அலுவலர். ஒருவருக்கு வெண்பன்றி வளர்க்கக் கடன் கொடுத்தோம். சிமெண்ட் தரையோடு கொட்டகை கட்டி முடித்தால்தான் இரண்டாம் தவணை என்பது திட்ட அறிக்கையில் இருந்த நிபந்தனை. நான் நேரில் போய், தரை போட்டாச்சா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் ஈற்றிலேயே குட்டிகள் செத்துப் போயின. கேட்கப் போனபோது அவர் சொன்னார்: "நல்லா கொழுகொழுன்னு இருந்த குட்டிதான் சார் மொதல்ல செத்துச்சு. சவலைக் குட்டி நிக்குது பாருங்க."

நான் நம்பவில்லை. நல்ல குட்டி எப்படி முதலில் சாகும்? நல்லதை விற்றுவிட்டு நோஞ்சானைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். 'கடனாளியின் அக்கறையின்மை, குட்டிகளை விற்றிருக்க வாய்ப்பு' என்று கோப்பில் எழுதினேன். அவர் கொட்டகையை விற்றுக் கடனைக் கட்டினார்.

ஐந்து வருடத்துக்கு முன் என் கொட்டகையில் முதல் ஈற்று. ஒன்பது குட்டி. முதல் இரண்டு ராத்திரியில் இரண்டு குட்டி தாய்க்கு அடியில் நசுங்கிப் போச்சு. மீதி ஏழும் நன்றாக வளர்ந்தன. மூன்றாவது வாரம், ஏழில் பெரிய குட்டி மூச்சு வாங்கி நின்றது, சாயங்காலம் செத்தது. மறுநாள் அதற்கு அடுத்த பெரிய குட்டி. ஓடிப்போய் அரசு கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்தேன். அவர் ஒரு குட்டியைத் தூக்கி, காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ரத்த ஓட்டமே தெரியவில்லை. ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "சோகை சார். சிமெண்ட் தரையில குட்டிக்கு இரும்பு எங்கிருந்து வரும்?" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் கோப்பு ஞாபகத்துக்கு வந்தது.

மாடும் ஆடும் நம் வீட்டில் தலைமுறையாக இருப்பவை. அவற்றின் உடம்பு நமக்குப் பழக்கம். அதே கண்ணோடு பன்றியைப் பார்த்தால் பணமும் போகும், உயிரும் போகும். பன்றி உடம்பு மாட்டு உடம்பு இல்லை. எங்கெங்கே வேறுபடுகிறது என்று ஒவ்வொரு உறுப்பாகப் பார்ப்போம். கொட்டகை, தீனி, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து தானாகவே விளங்கும்.

மூக்கு: பன்றியின் கலப்பை

வயலை உழுது போடும் காட்டுப்பன்றியும் நாம் வளர்க்கும் பன்றியும் ஒரே இனம்தான். கேழல், ஏனம் என்று பழந்தமிழில் பேர் உள்ள அதே விலங்கு. அதன் குட்டியைத் தொல்காப்பியம் 'குருளை' என்கிறது. மனிதர் வளர்க்கத் தொடங்கி ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் ஆகியும் தரையைக் கிளறும் குணம் போகவில்லை.

அதற்குக் காரணம் மூக்கின் அமைப்பு. மூக்கு நுனியில் வட்டத் தட்டு மாதிரி இருக்கிற பகுதிக்குள் ஒரு தனி எலும்பு இருக்கிறது. அதனால்தான் இறுகிய மண்ணையும் நெம்பித் தள்ள முடிகிறது. அதே தட்டில் தொடு உணர்வும் அதிகம். மோப்பம் மிகக் கூர்மை. மண்ணுக்குள் இருக்கிற கிழங்கைப் பார்க்காமலே கண்டுபிடிக்கும்.

கோரைக்கிழங்கை இது விரும்பித் தின்னும் என்பது நமக்கு ஒரு லாபம். அறுவடை முடிந்த கொல்லையில் கோரை மண்டிக் கிடந்தால், தற்காலிக வேலி போட்டுச் சில நாள் பன்றியை விடுங்கள். ஈர மண்ணில் நீண்ட நாள் விட்டால் மண் இறுகிவிடும், வரப்பும் போய்விடும். காய்ந்தும் காயாத பதத்தில் விட்டு, வேலை முடிந்ததும் மாற்ற வேண்டும். கிளற மண்ணோ வைக்கோலோ இல்லாமல் அடைத்து வைத்தால், அந்த மூக்கு பக்கத்துப் பன்றியின் வாலையும் காதையும் தேடிப் போகும். வாலைக் கடிக்கிற பன்றியைக் கெட்ட பன்றி என்று சொல்லாதீர்கள். அது வேலையில்லாத பன்றி.

வளர்ந்த பன்றிக்கு 44 பல். நமக்கு 32. கடைவாய்ப்பல் நம்முடையதைப் போலவே மேடுபள்ளமாக, கிழங்கும் தானியமும் இறைச்சியும் எல்லாமே அரைக்கத் தோதாக இருக்கும். ஆண் பன்றியின் கோரைப்பல் மட்டும் வாழ்நாள் முழுக்க வளரும். அதனால் எவ்வளவு சாதுவான கடாவாக இருந்தாலும் அதற்கு முதுகைக் காட்டி வேலை செய்யாதீர்கள்.

கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டப் பின்பக்கம் வரை தெரியும். ஆனால் நேர் எதிரே இருக்கிற நிழலையும் பள்ளத்தையும் அளக்கத் தெரியாது. தரையில் ஒரு நிழல் கோடு விழுந்தாலே நின்றுவிடும். நாம் அடிக்கிறோம், அது கத்துகிறது. அடிக்க வேண்டாம். இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி ஓட்டுங்கள். கையில் ஒரு பலகையைச் சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள், தானாகப் போகும்.

வயிறு: ஒற்றை அறை

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்க வைத்து, அந்த நுண்ணுயிர்களே கடைசியில் மாட்டுக்குப் புரதமாகின்றன. அதனால்தான் மாடு வைக்கோலைத் தின்று பால் கொடுக்கிறது.

பன்றிக்கு நம்மைப் போல ஒரே வயிறு. வளர்ந்த பன்றிக்கு 5 முதல் 8 லிட்டர் கொள்ளளவு. அதன் பிறகு 60 அடி நீளத்துக்குச் சிறுகுடல், 15 அடி அளவுக்குப் பெருங்குடல். நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பது பெருங்குடலில். சத்தை உறிஞ்சும் இடம் சிறுகுடல். அதாவது சமையல் முடிவதற்கு முன்பே பந்தி முடிந்துவிடுகிறது. நார்ச்சத்து நொதித்து ஓரளவு ஆற்றல் கிடைக்கும், ஆனால் புரதம் கிடைக்காது. புரதத்தை நாம்தான் தீனியில் வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம். புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. பன்றிக்கு முதலில் பற்றாக்குறை ஆவது லைசின். தவிடு, சோளம், மக்காச்சோளம் இவற்றில் லைசின் குறைவு. நாம் நம்பியிருக்கிற மல்லாட்டைப் புண்ணாக்கிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் புரதம் நிறைய, லைசின் குறைவு. நான் முதல் வருடம் தவிடும் புண்ணாக்குமாகப் போட்டேன். பன்றி கொழுப்புப் பிடித்தது, சதை ஏறவில்லை. கொள்ளு, காராமணி, சோயா போன்ற பயறு வகைகள், கருவாட்டுத் தூள் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் அந்தக் குறை தீரும். பயறை வேகவைத்துத்தான் போட வேண்டும். பச்சைப் பயறில், சோயாவில் குறிப்பாக, புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. மரவள்ளியையும் வேகவைக்க வேண்டும், அல்லது சீவிக் காயவைக்க வேண்டும், பச்சையில் நஞ்சு உண்டு.

அசோலா, சர்க்கரைவள்ளிக் கொடி, கீரைக்கழிவு எல்லாம் தரலாம். ஆனால் வயதைப் பாருங்கள். வளர்ந்த தாய்ப்பன்றிக்குப் பெருங்குடல் பெரிது, பசுந்தீவனத்தைத் தாங்கும். பால் மறந்த குட்டிக்குக் குடல் சின்னது. அதற்குத் தழையைப் போட்டு வயிற்றை நிரப்பினால் வயிறு தொங்கும், எடை ஏறாது.

இரண்டு எச்சரிக்கை. பூசணம் பிடித்த புண்ணாக்கு, நமத்துப்போன மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். அதில் உருவாகும் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பன்றிக்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. அடுத்து உப்பு. ஓட்டல் கழிவில் ஊறுகாய், அப்பளம், உப்புக் குழம்பு எல்லாம் இருக்கும். தண்ணீர் தாராளமாக இருந்தால் உப்பு வெளியேறிவிடும். தண்ணீர்த் தொட்டி ஒரு நாள் காய்ந்திருந்தால் அதே உப்பு மூளையைத் தாக்கும். பன்றி தள்ளாடும், சுவரில் முட்டும், வலிப்பு வரும். தாகத்தோடு கிடந்த பன்றிக்குத் திடீரென்று வயிறு முட்டத் தண்ணீர் காட்டவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 20 முதல் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

தோல்: வேர்க்காத உடம்பு

நான் இரண்டாவதாக இழந்தது ஒரு சினைப்பன்றி. அக்னி நட்சத்திரம், மத்தியானம் இரண்டு மணி. கொட்டகை தகரக் கூரை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தன் சாணத்திலேயே புரண்டு கிடந்தது. பன்றி என்றால் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். நாலு மணிக்கு உயிர் இல்லை.

எங்கள் ஊர்க்கோடியில் நாட்டுப்பன்றி வளர்க்கும் ஒரு ஆயா இருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "சேறு இருந்தா சாணியில பொரளுமா சார் அது?"

பன்றித் தோலில் வேர்வைச் சுரப்பி பேருக்குத்தான் இருக்கிறது. வேர்த்து உடம்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. தோலுக்கு அடியில் கொழுப்பு வேறு, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது. நுரையீரலும் இதயமும் அந்த உடம்புக்குச் சின்னவை. ஆகவே மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வளர்ந்த பன்றிக்கு வசதியான வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். 25-ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கும். நம் ஊரில் 40 அடிக்கிறது.

இதற்குப் பன்றி கண்டுபிடித்த வழி சேறு. உடம்பில் ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு மெல்ல மெல்லக் காய்ந்து நெடுநேரம் குளிர்ச்சி தரும். வெள்ளைத் தோலுக்கு வெயில் கொப்புளம் வராமல் காக்கும், உண்ணியும் ஒட்டாது. சேறு கிடைக்காவிட்டால்தான் சாணத்தையும் மூத்திரத்தையும் தேடிப் போகும்.

நிஜத்தில் பன்றி சுத்தமான பிராணி. படுக்க ஒரு மூலை, சாணம் போட இன்னொரு மூலை என்று தானே பிரித்துக்கொள்ளும். பிறந்த சில நாளிலேயே குட்டிகூடப் படுக்கையை விட்டு நகர்ந்துபோய்ச் சாணம் போடும். ஈரமான, குளிர்ந்த மூலையைத்தான் சாணத்துக்குத் தேர்ந்தெடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு, தண்ணீர்த் தொட்டியைத் தாழ்வான மூலையில் வையுங்கள். சாணம் அங்கேயே சேரும், பாதி வேலை மிச்சம். சாணத்தில் புரளும் பன்றியைப் பார்த்தால் அசிங்கம் என்று முகம் சுளிக்காதீர்கள். 'எனக்குச் சூடு தாங்கலை' என்று அது சொல்கிறது.

இப்போது என் கொட்டகைக்குத் தென்னங்கீற்றுக் கூரை, பக்கத்தில் புங்கமரம், முழங்கால் ஆழத்தில் சேற்றுக்குழி. வெயில் நேரத்தில் பன்றியைத் துரத்துவதோ, வண்டியில் ஏற்றுவதோ கிடையாது. சூட்டில் விழுந்த பன்றியின் தலையில் குடத்தோடு குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்க்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், காலிலிருந்து மேலே மெதுவாக நனைத்து, விசிறிவிட வேண்டும்.

இன்னொன்று. சூடு ஆண் பன்றியின் விந்தையும் கெடுக்கும், அந்தப் பாதிப்பு நாலு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். சித்திரையில் வெந்த கடா வைகாசியில் சேர்ந்தும் சினை பிடிக்காது. பெண் பன்றியைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள்.

சினை: கணக்கு சுலபம்

பெண் பன்றி ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். முதல் பருவத்திலேயே சேர்க்க வேண்டாம். எட்டு மாத வயதை ஒட்டி, இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில் சேர்த்தால் குட்டி எண்ணிக்கை கூடும். பருவச் சுழற்சி 21 நாள். பருவம் இரண்டு மூன்று நாள் நிற்கும். அறை சிவந்து வீங்கும், கத்தும், தீனி குறையும். நிச்சயமான அடையாளம், இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினால் நகராமல் காதை விறைத்து நிற்கும். கடா பக்கத்தில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கடாவின் எச்சிலில் வரும் ஒரு வாசனைக்குத்தான் அப்படி நிற்கிறது. இப்படி நிற்க ஆரம்பித்த 12 மணி நேரத்தில் ஒரு தடவை, 24 மணி நேரத்தில் இன்னொரு தடவை சேர்க்கலாம்.

சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பால் குடி 56 நாள். பால் மறந்த ஒரு வாரத்துக்குள் மறுபடி பருவம். 114, 56, 7 கூட்டினால் 177 நாள். வருடத்துக்கு இரண்டு ஈற்று என்று சொல்வதன் அடிப்படை இதுதான். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் தீனி தண்டம்.

ஈனுவதற்கு ஒரு நாள் முன்பே பன்றி வைக்கோலை வாயில் கவ்விக் கூடு கட்டப் பார்க்கும். கட்டட்டும், வைக்கோல் போடுங்கள். காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும். குட்டிக்குக் குட்டி 15, 20 நிமிட இடைவெளி இருக்கும். ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி: கையிருப்பு இல்லாமல் பிறப்பது

இப்போது அந்தப் பழைய கோப்புக்கு வருகிறேன். பன்றிக்குட்டி நான்கு வகையில் வெறுங்கையோடு பிறக்கிறது.

முதலாவது, சூடு. பிறக்கும்போது ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடை. மயிர் இல்லை, கொழுப்பும் அநேகமாக இல்லை. தாய்க்கு 20 டிகிரி போதும், குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஒரே கொட்டகையில் இரண்டு பருவநிலை! குளிர் எடுத்தால் குட்டி சூட்டைத் தேடித் தாயின் வயிற்றோரம் ஒதுங்கும், தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கும். என் முதல் இரண்டு குட்டி அப்படித்தான் போயின. தாய் பொல்லாதது இல்லை. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 8 முதல் 10 அங்குலம் விட்டு ஒரு குழாயோ மூங்கிலோ சுற்றிக் கட்டினால், தாய் சாயும்போது குட்டி தப்பிக்க இடம் இருக்கும். ஒரு மூலையில் வைக்கோல் பெட்டி வைத்து மேலே குண்டு பல்பு எரியவிட்டால் குட்டிகள் அங்கேயே படுக்கும்.

இரண்டாவது, நோய் எதிர்ப்பு. தாயின் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு வராது. கன்றுக்குட்டியைப் போலவே சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அந்த எதிர்ப்புப் பொருளைக் குடல் அப்படியே உள்ளே விடுவது முதல் ஒரு நாள்தான், அதிலும் முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. பிறகு கதவு மூடிவிடும்.

மூன்றாவது, காம்பு. தாய்க்கு 12 முதல் 14 காம்பு. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு குட்டியும் ஒரு காம்பைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், பிறகு மாறாது. முன்காம்பில் பால் அதிகம், பலசாலிக் குட்டி அதைப் பிடிக்கும். மணிக்கு ஒரு தடவை, வெறும் 20 விநாடிதான் பால் இறங்கும். காம்பு கிடைக்காத குட்டிக்கு அந்த வேளை பட்டினி. முதல் நாளிலேயே சின்னக் குட்டியைத் தூக்கி முன்காம்பில் விடுங்கள். காம்பு எண்ணிக்கையைவிடக் குட்டி அதிகம் இருந்தால், அதே நாளில் ஈன்ற இன்னொரு தாயிடம் மாற்றுங்கள்.

நான்காவது, இரும்பு. வங்கிக்காரனாக இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிறக்கும்போது குட்டி உடம்பில் இரும்பு இருப்பு ஏறத்தாழ 50 மில்லிகிராம். தினச் செலவு 7 மில்லிகிராம். தாய்ப்பாலில் தின வரவு 1 மில்லிகிராம்தான். ஆக, நாளுக்கு 6 பற்றாக்குறை. எட்டு நாளில் இருப்பு காலி.

செலவு ஏன் இவ்வளவு? வளர்ச்சி வேகம். ஒரே வாரத்தில் எடை இரட்டிப்பாகும், மூன்று வாரத்தில் நான்கு ஐந்து மடங்காகும். எடை ஏற ஏற ரத்தமும் ஊற வேண்டும், ரத்தத்துக்கு இரும்பு வேண்டும். அதனால் எந்தக் குட்டி நன்றாகப் பால் குடித்து வேகமாகக் கொழுக்கிறதோ, அதற்குத்தான் இருப்பு முதலில் தீரும். முன்காம்பைப் பிடித்த பலசாலிதான் முதலில் வெளுத்து, மூச்சு வாங்கி, விழும். சவலை மெதுவாக வளர்வதால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

அந்த மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆயா வீட்டுக் குட்டிகளுக்கு ஏன் சோகை வருவதில்லை? அவை பிறந்தது முதல் மண்ணைக் கிளறி, மண்ணைத் தின்கின்றன. மண்ணில் இரும்பு இருக்கிறது. சிமெண்ட் தரை போட்டு மண்ணைப் பிரித்தது நாம். பிரித்தவர்கள்தான் இரும்பைத் தர வேண்டும். சிமெண்ட் தரையில் பிறந்த குட்டிக்கு மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி, கால்நடை மருத்துவர் கையால் போட்டுவிடுங்கள். இயற்கை விவசாயி ஊசி போடலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மண் தரையில் வளர்ப்பவருக்கு அந்தக் கேள்வியே வராது. சிமெண்டில் வளர்த்துவிட்டு ஊசி வேண்டாம் என்பது கொள்கை இல்லை, குட்டியைப் பட்டினி போடுவது.

இப்போது என் ஈற்றுக் கொட்டகையில் பாதி மண் தரை. மற்ற பாதிக்கு முதல் வாரத்திலிருந்து தினமும் ஒரு கூடை செம்மண் கொட்டுகிறேன். பன்றி இதுவரை நடமாடாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். பன்றி புழங்கிய மண்ணில் உருண்டைப்புழு முட்டை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதே காரணத்தால் மேய்ச்சல் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குடற்புழு நீக்கமும் வேண்டும்.

நமக்கும் அதற்கும் உள்ள நெருக்கம்

பன்றி உடம்பு நம் உடம்புக்கு ரொம்பப் பக்கம். பல ஆண்டுகள் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்ட இன்சுலின் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்தது, மனித இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். பன்றியின் இதய வால்வை மனித இதயத்தில் வைக்கிறார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றிய பன்றியின் முழு இதயத்தையே ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார்.

இவ்வளவு நெருக்கம் இருந்தால் நோயும் வரும் போகும். நாடாப்புழு பன்றியில் தானாகப் பிறப்பதில்லை. மனிதக் குடலில் இருக்கிற புழுவின் முட்டை, திறந்தவெளியில் போகும் மலத்தில் வெளிவருகிறது. அதைத் தின்ற பன்றியின் சதையில் கட்டியாகிறது. சரியாக வேகாத அந்தக் கறியைத் தின்றால் மறுபடி நம் குடலில் புழு. அதே முட்டை கழுவாத கீரை வழியாகவும் கை வழியாகவும் நம் வாய்க்குப் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரும். பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் வரும். ஆகவே கழிப்பறைதான் முதல் மருந்து, அடைத்து வளர்ப்பது அடுத்தது, கறியை நன்றாக வேகவைப்பது மூன்றாவது.

நெல்வயல் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் கிருமி பன்றி உடம்பில் பெருகும், பன்றிக்குப் பெரிதாக நோய் தெரியாது. அதனால் கொட்டகையை வீட்டை ஒட்டிக் கட்டாதீர்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். சேற்றுக்குழியை அவ்வப்போது காயவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள்.

பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, தவறாமல் போடுங்கள். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு. அது மனிதருக்கு வராது. ஆனால் வந்த கொட்டகையில் பன்றி மிஞ்சாது, மருந்தும் இல்லை. அது கறிக்கழிவு வழியாகவும் வரும். ஓட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் போடுகிறவர் தன் கொட்டகைக்குத் தானே தீ வைக்கிறார்.

சாணம்

பன்றிக்குத் தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைச் செரிக்கத் தெரியாது. அது அப்படியே சாணத்தில் வந்துவிடும், அதனால் பன்றிச் சாணம் மணிச்சத்து நிறைந்தது. பச்சையாகப் போட்டால் பயிர் கருகும், புழு முட்டையும் வயலுக்குப் போகும். வைக்கோல், சருகு கலந்து சூடேற நன்றாக மக்கவைத்து, மரப்பயிருக்கும் நெல்லுக்கும் போடுங்கள். கீரைக்கு வேண்டாம். கடைத் தீவனம் வாங்குபவர்கள் மூட்டையின் சீட்டைப் படியுங்கள். சில தீவனங்களில் செம்பும் துத்தநாகமும் அதிகமாகச் சேர்ப்பார்கள். பன்றி அதில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும், அது நம் மண்ணில்தான் சேரும்.

கொட்டகைச் சுவரில் எழுத

உடம்புச் சூடு ஏறத்தாழ 102 டிகிரி ஃபாரன்ஹீட். பருவச் சுழற்சி 21 நாள். சினை 114 நாள். சீம்பால் ஆறு மணி நேரத்துக்குள். இரும்பு மூன்றாம் நாள். குட்டிக்குச் சூடு, தாய்க்குச் சேறு. என் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்.

போன தை மாதம் அந்த 1991 கடன்காரரைத் தேடிப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆச்சு. கோப்பில் நான் எழுதியதையும், என் குட்டிகள் செத்ததையும், மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மண்ணுதானா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"மண்ணுதாங்க" என்றேன்.

அவர் வீட்டு வாசலில் வண்டி வண்டியாகக் கிடந்திருக்கும் மண்ணைத்தான் நாங்கள் சிமெண்ட் போட்டு மூடச் சொன்னோம். பன்றி வளர்க்க நினைக்கும் தோழர்கள், கொட்டகைக்குக் கல் இறக்குவதற்கு முன் ஒரு வாரம் பன்றி வளர்ப்பவர் வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். எங்கே படுக்கிறது, எங்கே சாணம் போடுகிறது, குட்டி எதைத் தின்கிறது என்று பாருங்கள். அதற்கப்புறம் வங்கிக்குப் போகலாம்.